உப்பும் கரியும் உயர்தெளிவுப் படமும்

கணினியின் வரைகலை அட்டையை உயர்தெளிவுத் தொலைக்காட்சியோடு இணைப்பது, ஒரு கம்பியின் இரு முனைகளை இரு துளைகளில் செருகும் வேலை என்றே பொருளோடு வரும் கையேடுகள் சொல்கின்றன. ஆயினும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் 2007 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு, செருகிய கம்பியைவிட, வீட்டின் மின்சுற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய எர்த்துக் கம்பியே பெரும்பாடாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெரு ஒன்றில் இருந்த ஒரு வீட்டின் அனுபவம் இங்கே பதிவு செய்யப்படுகிறது. இக்கட்டுரையாளர் வளர்ந்த வீடு அது.

நிலத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிக்கப்பட்ட இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான இவ்வட்டாரத்தில் கரிசலும் இடையிடையே செவலும் விரிந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து கண்மாய்களை நனைத்துவிட்டுப் போக, மாசி பிறந்ததும் கரிசல் வெடிக்கத் தொடங்கி, சித்திரையில் ஆளின் கை நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்கும். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். விளையாத நிலத்தில் தானே முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது இங்கு பல குடும்பங்களின் தொழில். அந்தக் கரிக்கும் இந்தக் கட்டுரைக்கும் உள்ள தொடர்பு பின்னர் வரும்.

தொலைக்காட்சிப் பெட்டி இவ்வூருக்குப் புதிதில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டபோதும் அதன் அலைகள் இவ்வளவு தெற்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கப்பட்ட பின்பு, தென் மாவட்டங்களில் வசதியுள்ள சில வீடுகளின் மாடிகளில் நெடிய இரும்புக் குழாய்கள் எழும்பி, அவற்றின் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கித் திரும்பின. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கூடத்தில் ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க, “வருதா?”, “இன்னும் கொஞ்சம்”, “போச்சு, போச்சு” என்ற மூன்று சொற்களால் நடந்த அந்த உரையாடல் ஒரு தலைமுறையின் நினைவில் இன்னும் கலையவில்லை. எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினராக. எனவே திரையில் தெரியும் முகத்தை நம் ஆள் என்று உரிமை கொண்டாடும் பழக்கம் இங்கு மற்ற ஊர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்றால் அது மிகையாகாது. பிறகு கேபிள் வந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதியின்படி அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், தறி ஓடும் வீடுகளுக்கும் 14 அங்குலப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது.

அந்த 14 அங்குலப் பெட்டியில்தான் முதல் இணைப்பு நடந்தது. மதுரையில் உதிரி உதிரியாக வாங்கிக் கோத்த கணினியின் திரை 2007-இல் ஒருநாள் இருண்டுவிட, புதுத் திரை வாங்கப் பணமில்லாத நிலையில், கணினிக்குள் இருந்த பழைய வரைகலை அட்டையின் பின்புறத்தில் வி.ஜி.ஏ. துளைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சிறு துளை இருப்பது கண்ணில் பட்டது. வரைகலை அட்டை என்பது, கணினியின் நினைவகத்தில் எண்களாகக் கிடக்கும் படத்தைத் திரை ஏற்கும் மின்குறிகளாக மாற்றித் தரும் தனிப்பலகை, வி.ஜி.ஏ. என்பது ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும் பதினைந்து ஊசி இணைப்பு. அந்த வட்டத் துளையோ எஸ்-வீடியோ எனப்படும், ஒளியளவை ஒரு கம்பியிலும் நிறத்தை மற்றொரு கம்பியிலும் அனுப்பும் இணைப்பு. அதை மஞ்சள் நிறப் பின்னாக மாற்றும் ஒரு குட்டை ஒயரை மதுரையில் தேடிப் பிடித்துப் பெட்டியின் முன்பக்கத்தில் செருகியபோது, படம் வந்தது, எழுத்து வரவில்லை.

எழுத்து வராமைக்குக் காரணம் சுவையானது. இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 576. அவையும் ஒரே வீச்சில் வரையப்படாமல், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறையுமாக, நொடிக்கு 50 அரைப்படங்களாக வரையப்படும். நடிகரின் முகம் பல கோடுகளில் பரவியிருப்பதால் இந்தத் தந்திரம் கண்ணை ஏய்த்துவிடுகிறது. ஆனால் ‘லதா’ எழுத்துருவில் தட்டச்சிட்ட ஒரு தமிழ்ப் பக்கத்தில், மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி ஒரேயொரு கோட்டின் உயரமே இருக்குமானால், அது ஓர் அரைப்படத்தில் தோன்றி அடுத்ததில் மறைந்து, நொடிக்கு 25 முறை துடிக்கும். அந்தக் கோடு திரையின் மங்கலில் கரைந்துவிட்டாலோ ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ஓலைச்சுவடியில் எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டு எழுதிய பழங்காலம், 14 அங்குலப் பெட்டிக்குள் இன்னொருமுறை திரும்பி வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். படம் பார்க்க அந்த இணைப்பு போதும். படிக்கவோ எழுதவோ உதவாது என்று ஒரே வாரத்தில் முடிவாயிற்று.

வீட்டுக்கு உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தது 2010-இல். அந்த ஆண்டு அக்டோபரில் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் உயர்தெளிவில் ஒளிபரப்பப் போகிறது என்ற பேச்சு கடைகளில் விற்பனைச் சொல்லாகப் புழங்கிய நேரம் அது. தறிக்கூலியில் சேர்த்ததும், சீட்டில் எடுத்ததும், கடன் வாங்கியதுமாகச் சேர்ந்த தொகையில் வாங்கப்பட்டது 32 அங்குலத் தட்டைத் திரை. பெட்டியின் மேல் ‘எச்.டி. ரெடி’ என்று ஒட்டியிருந்தது. உயர்தெளிவு என்ற சொல்லுக்கு இரண்டு அளவுகள் உண்டு: குறுக்கே 1280, நெடுக்கே 720 புள்ளிகள் என்பது ஒன்று, 1920-க்கு 1080 என்பது, அதாவது 20,73,600 புள்ளிகள் என்பது, மற்றொன்று. ‘ரெடி’ என்ற ஒட்டுச்சொல்லின் உட்பொருள், இரண்டு அளவுப் படத்தையும் பெட்டி வாங்கிக்கொள்ளும், ஆனால் தன்னிடம் உள்ள புள்ளிகளுக்கு ஏற்பச் சுருக்கியோ நீட்டியோதான் காட்டும் என்பதாகும். அந்தத் திரையில் இருந்தவை 1366-க்கு 768 புள்ளிகள். மேற்சொன்ன இரண்டு அளவுகளில் எதோடும் அது ஒட்டவில்லை. விற்றவர் இதைச் சொல்லவில்லை. வாங்கியவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

கணினிக்கு என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 210 வகை அட்டை ஒன்று புதிதாக வாங்கப்பட்டது. ‘அட்டை’ என்ற சொல் தெருவில் ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்கியதையும் குறிப்பிட வேண்டும். சேலைக் கரையில் பூப்போடும் தறிகளில் ஜக்கார்டு என்ற பெட்டி தறியின் மேலே பூட்டப்பட்டிருக்கும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி உருவாக்கிய அந்தப் பொறியில், துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கி, எந்த இழையைத் தூக்க வேண்டும், எந்த இழையைத் தூக்கக்கூடாது என்பதை ஊசிகளுக்குச் சொல்லும். “கம்ப்யூட்டருக்கு அட்டை வாங்கப் போறான்” என்று கேள்விப்பட்ட முதிய நெசவாளர் ஒருவர், பூ என்ன பூ என்று கேட்டார். கேள்வி பிழையானதன்று. துளையுள்ள இடம், துளையில்லாத இடம் என்ற இரண்டே குறிகளால் சித்திரத்தை எழுதும் முறையைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பெயரளவில் மட்டுமின்றிக் கருத்தளவிலும் இரண்டு அட்டைகளுக்கும் உறவு உண்டு.

புதிய அட்டையில் மூன்று துளைகள்: பழைய வி.ஜி.ஏ., அதன்பின் 1999-இல் வந்த டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. மூன்றாவதான எச்.டி.எம்.ஐ., ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சோனி, தோஷிபா முதலிய நிறுவனங்கள் கூடி 2002 டிசம்பரில் வெளியிட்ட முறை. படத்தையும் ஒலியையும் எண்வடிவிலேயே, இடையில் எங்கும் அலைவடிவாக மாற்றாமல், பத்தொன்பது ஊசிகளுள்ள ஒரே முனையின் வழியே அனுப்புவது அது. அவற்றுள் சில ஊசிகள் படம் கடத்துவதில்லை. ஓர் ஊசியில் அட்டை ஐந்து வோல்ட் அனுப்பி, எதிரே யார் என்று கேட்கிறது. பெட்டி மற்றொரு ஊசியின் மூலம் தான் இருப்பதைத் தெரிவிக்கிறது. பின்பு தன் பெயர், அளவு, ஏற்கும் படவகைகள் எல்லாம் அடங்கிய, குறைந்தது 128 பைட் நீளமுள்ள ஒரு சிறு குறிப்பை அட்டைக்குப் படிக்கக் கொடுக்கிறது. மாடிக்கும் கூடத்துக்கும் இடையே நடந்த பழைய “வருதா?” இப்போது ஒரு விரல்தடிமன் கம்பிக்குள் நடக்கிறது, ஆனால் பெட்டி சொல்வதை அட்டை அப்படியே நம்பிவிடுகிறது என்பதில்தான் தொல்லை. 1280-க்கு 720 எனக்குப் பிடிக்கும் என்று அந்தப் பெட்டி சொன்னது. தனக்கு உண்மையில் 1366-க்கு 768 புள்ளிகள் இருப்பதைச் சொல்லவேயில்லை.

முதல்நாள் செருகியபோது படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் விண்டோஸின் கீழ்ப்பட்டையும் தொடக்கப் பொத்தானும் திரைக்கு வெளியே போய்விட்டிருந்தன. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். குழாய்த் திரைக் காலத்தில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்காது என்பதால், எல்லாப் பெட்டிகளும் படத்தைச் சில விழுக்காடு பெருக்கி ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் மறைத்துக் காட்டின. குழாய் போனபின்பும் பழக்கம் போகவில்லை. இதை நிறுத்தும் வழி பெட்டியின் பட்டியலுக்குள் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். ஒரு நிறுவனம் அதை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்கிறது, மற்றொன்று ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்கிறது, இன்னொன்று ‘டாட் பை டாட்’ என்கிறது. ஒரே காரியத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தவர்கள், வாங்குகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஓரம் சரியானபின் ஒலி வரவில்லை. அந்த அட்டை ஒலியையும் தானே அனுப்பக்கூடியது. அதற்கு முந்திய தலைமுறை அட்டைகள் சிலவற்றில் தாய்ப்பலகையிலிருந்து இரண்டு இழைக் கம்பி ஒன்றைத் தனியே இழுத்து மாட்ட வேண்டியிருந்தது. கணினி தன் பழைய ஸ்பீக்கர் துளைக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒலிக்கருவிகளின் பட்டியலில் தொலைக்காட்சியைத் தேர்ந்தவுடன் வந்துவிட்டது. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது அடுத்த குறை. தொலைக்காட்சி உலகத்தில் கறுப்பின் எண் 16, வெள்ளையின் எண் 235. கணினி உலகத்திலோ கறுப்பு 0, வெள்ளை 255. ஒருவர் ஒரு கணக்கில் அனுப்பி மற்றவர் மறு கணக்கில் வாங்கினால், படம் சாம்பல் பூத்தும் போகலாம், இருட்டில் உள்ளவை மொத்தமாகக் கரிந்தும் போகலாம். இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது ஒருநாள் வேலை.

இவற்றையெல்லாம்விட நீண்டநாள் தீராதிருந்தது புள்ளிக்குப் புள்ளி பொருந்தாமை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சேலைக் கரைகளுக்குக் கணினியில் டிசைன் வரையத் தொடங்கியிருந்தார். கட்டத்தாளில் வரைந்த காலத்தில் ஒரு கட்டம் என்பது பாவின் ஓர் இழையும் ஊடையின் ஓர் இழையும் சந்திக்கும் ஓரிடம். கணினியில் அந்தக் கட்டமே திரையின் ஒரு புள்ளி. பெரிய திரையில் காட்டினால் நான்கைந்து பேர் உட்கார்ந்து பார்த்து இழைதவறைச் சொல்லலாம் என்று அவர் தம் கோப்பைக் கொண்டுவந்து போட்டபோது, 1280 புள்ளிப் படத்தைப் பெட்டி 1366 புள்ளிக்கு நீட்டியதால், ஓரிழைக் கோடுகள் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மங்கியும் தெரிந்தன. இல்லாத இழைதவறை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். கூடவே, பெட்டி நிறத்தை ஒளியளவைப் போல முழு நுண்மையோடு வைத்துக்கொள்ளாமல் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் ஒரே நிறமாகச் சுருக்கிக்கொண்டதால், நீலத்தின்மேல் போட்ட சிவப்பு இழை சாயம் ஓடிய சேலை போலக் கசிந்தது. சில பெட்டிகளில் அந்தத் துளையின் பெயரை ‘பி.சி.’ என்று மாற்றினாலே இந்தச் சுருக்கல் நின்றுவிடும். இந்தப் பெட்டியில் அதுவும் நடக்கவில்லை. முடிவில், பழையது என்று ஒதுக்கிய வி.ஜி.ஏ. கம்பியைத் தூசி தட்டி மாட்டி, 1360-க்கு 768 என்ற அளவைத் தேர்ந்தவுடன், இழை இழையாகத் துல்லியமாக வந்தது. 1366 என்ற எண் எட்டால் மீதியின்றி வகுபடாததால் அட்டைகள் பல 1360-ஐயே தந்தன. பக்கத்துக்கு மூன்று புள்ளி கறுப்பாகக் கிடந்ததை யாரும் குறையாக எண்ணவில்லை. புதியதைவிடப் பழையது தெளிவாகக் காட்டிய அந்த மாலையில், மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் தத்தம் இடத்தில் அசையாமல் நின்றன.

ஆயினும் ஒரே கம்பியில் ஒலியும் வரும் வசதிக்காக எச்.டி.எம்.ஐ.யும் அவ்வப்போது மாட்டிக் கழற்றப்பட்டது. கணினியின் தகரப் பெட்டியில் கை படும்போது சுள்ளென்று ஒரு கடி இருப்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். “ஷாக்கு அடிக்குது, செருப்புப் போட்டுக்கோ” என்பதே அதற்குரிய மருத்துவமாக இருந்தது. பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், கணினியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருக்க, கேபிள் ஒயரும் பெட்டியில் மாட்டியிருக்க, கம்பியைச் சற்றுச் சாய்த்துச் செருகியபோது ஊசிமுனையளவு ஒரு பொறி பறந்தது. அன்றோடு பெட்டியின் அந்தத் துளையும் அட்டையின் அந்தத் துளையும் ஒருசேர அவிந்தன. பழுதுபார்க்கும் இடத்தில் சொன்ன ஒரே விளக்கம், மின்னல் அடித்திருக்கும் என்பது. மேகமே இல்லாத பங்குனியில் மின்னல்.

நடந்ததைப் பின்னர் விளக்கியவர், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து ஒரு நூற்பாலையில் மின்பணியாளராக இருந்த தாய்மாமன். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்னுள்ள கம்பியிலிருந்தும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் தகர உடம்புக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால் அவற்றின் வழியே கசியும் சிற்றளவு மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்; எர்த்து இல்லையென்றால் உடம்பு, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது; சுள்ளென்று கடிக்கும். மறுபுறம், தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் ஒயரின் மேற்பின்னல், எர்த்தில்லாத எத்தனையோ வீட்டுப் பெட்டிகளின் கசிவையும் தெருக்கம்பத்து ஆம்பிளிஃபையரின் கசிவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருகிறது. மிதக்கும் இரண்டு உடம்புகளை ஒரு கம்பியால் தொடுக்கும் நொடியில், இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு அந்தக் கம்பி வழியே சமனாகப் பார்க்கும். எச்.டி.எம்.ஐ. முனையின் உலோக உறை முதலில் தொட்டுவிட்டால் சேதமில்லை, அதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முனை தளர்ந்தோ சாய்ந்தோ நுழைந்து, 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் குறிக்கம்பிகள் முந்திக்கொண்டால், சில்லு அந்த நொடியிலேயே கருகும்.

சுவரில் மூன்று துளைப் பிளக் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அவர் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, ஒரு முனையை மின்னுள்ள துளையிலும் மறுமுனையை மேலே இருந்த பெரிய எர்த்துத் துளையிலும் பிடித்துக் காட்டினார். பழகிய மின்பணியாளரைத் தவிர வேறு யாரும் செய்யக்கூடாத சோதனை அது. நியூட்ரலோடு பிடித்தபோது வெளுத்து எரிந்த பல்பு, எர்த்தோடு பிடித்தபோது இழை மட்டும் சிவந்து, புகைந்த திரிபோல நின்றது. வீடு கட்டியபோது சுவரோரம் அடித்த இரண்டடிக் கம்பி ஒன்றில் அந்த எர்த்து ஒயர் முடிந்திருந்தது; கரிசல் காய்ந்து சுருங்கி, கம்பியைச் சுற்றி விரலளவு இடைவெளி விட்டிருந்தது. ஈரக்கரிசலைப் போல மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் மண் அரிது. காய்ந்து வெடித்த கரிசலோ கம்பியைத் தொடக்கூட மாட்டாது. “மாப்ள, பொட்டியைப் பாக்காத, மண்ணைப் பாரு” என்பது அவர் சொன்னது.

குழி வெட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் நடந்தது. ஏறத்தாழ எட்டடி ஆழத்துக்குத் தோண்டி, துளைகள் போட்ட இரண்டரை மீட்டர் கால்வனைஸ்டு குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கல்லுப்பு என மாற்றி மாற்றி நிரப்புவதும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்துச் சிறு தொட்டி கட்டி மூடுவதும் மின்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை. உப்பு நீரில் கரைந்து மின்சாரத்துக்கு வழிவிடுகிறது, கரி அந்த ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கிறது. கரி, திருச்சுழிப் பக்கத்து மூட்டம் ஒன்றிலிருந்து தாய்மாமனின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இரண்டு சாக்காக வந்தது. உப்பு தூத்துக்குடி உப்பு. இப்போது உப்புக்கும் கரிக்கும் பதிலாக பென்டோனைட் என்னும், ஈரம் பட்டால் ஊதிப் பெருகும் களிமண்ணை விற்கிறார்கள்; கரிசலை வெடிக்கவும் ஊதவும் வைக்கும் களிமண் வகையே அதிலும் இருக்கிறது என்பதை அறிந்தால், கரிசலுக்கு அதன் உறவுக்காரனையே விலைக்கு வாங்கிப் போடுகிறோம் என்பது விளங்கும். உப்பு சில ஆண்டுகளில் கரைந்து போவதோடு குழாயையும் அரிக்கும் என்பது பழைய முறையின் குறை; அதைத் தாய்மாமன் மறைக்கவில்லை.

குழியில் முதல் தண்ணீர் ஊற்றும்போது அவர் திருச்சுழி என்ற பெயரின் கதையைச் சொன்னார். ஊழிவெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் நிலத்தில் துளையிட்டு, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறங்கச் செய்தார். அதனால் அவ்விடம் சுழியல், சுழி ஆயிற்று என்பது திருமேனிநாதர் கோயிலின் தலவரலாறு. பெருகி வந்ததை மண்ணுக்குள் அனுப்பிவைத்த கதை அது. இரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்றே வெளியூரார் திருச்சுழியை அறிவார்கள். நூற்பாலை மின்பணியாளருக்கு அது எர்த்துக் குழியின் ஊராகவும் தோன்றியதில் வியப்பில்லை.

மாலையில் பல்பு வெளுத்து எரிந்தது. கணினியின் கடி அன்றோடு நின்றது. ஆனால் வீட்டில் வேறொரு வழக்கு எழுந்தது. கோடையில் குழி காயாமல் இருக்க வாரத்துக்கு இரண்டு குடமாவது ஊற்ற வேண்டும் என்றார் தாய்மாமன். குழாயில் சில நாளுக்கு ஒருமுறையே தண்ணீர் வந்த ஊரில், குடிக்கிற தண்ணீரைக் குழிக்கு ஊற்றச் சொல்கிறாயே தம்பி, டி.வி. தண்ணியும் குடிக்குமா என்று அவருடைய அக்கா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. குழிக்கு நல்ல தண்ணீர் வேண்டியதில்லை, எந்த ஈரமும் போதும் என்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

அதன்பின் 2012-இல் சென்னைக்கு வெளியே பாதி நாளும் அதற்கு மேலும் மின்சாரம் இல்லாதிருந்த மாதங்களில், தறிகள் ஓய்ந்து தெரு அமைதியாகக் கிடக்க, மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லாத் தறிகளும் ஒருசேர இழுத்ததால் மின்னழுத்தம் தாழ்ந்தும் பின் தாவியும் அலைந்தது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீடுகளுக்கு 400 வோல்ட் வரை நுழைந்ததும் உண்டு. அத்தகைய விபத்துக்கு எர்த்துக் குழி மட்டும் மருந்தாகாது. தெருவில் பல பெட்டிகள் போயின, இவ்வீட்டில் ஸ்டெபிலைசர் ஒன்று போயிற்று. முன்பு அவிந்த எச்.டி.எம்.ஐ. துளைக்காக மாற்றிய பலகை மட்டும், அந்தக் காலம் முழுதும் தாங்கியது.

பழைய கணினியையோ மடிக்கணினியையோ இவ்வட்டாரத்தில் தொலைக்காட்சியோடு இணைக்க முனைவோர், முதலில் கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு பொருள்களின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, அதன்பின் எச்.டி.எம்.ஐ. கம்பியை நேராகச் செருகி, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, கடைசியாகச் சுவிட்சைப் போடுவது நல்லது. கேபிள் ஒயர் எல்லாவற்றுக்கும் பிறகு வரட்டும். எர்த்து இருக்கிறதா என்பதை மின்பணியாளர் ஒருவரை அழைத்துச் சித்திரையில் பார்க்கச் சொல்லுங்கள். கார்த்திகையில் எல்லா வீட்டிலும் எர்த்து நன்றாகத்தான் இருக்கும்.

அந்த 32 அங்குலத் திரையும் ஜீஃபோர்ஸ் அட்டையும் இன்று வீட்டில் இல்லை. குழி இருக்கிறது, உப்பும் கரியும் இருமுறை மாற்றப்பட்டுள்ளன. துணி அலசிய தண்ணீரை அதில்தான் ஊற்றுகிறார்கள்.